விருந்தினர் வரட்டும், காணி கமக்காரனிடம் இருக்கட்டும்

விளைபொருளை விற்று வாழ்வது கிராமத்தின் பழைய வழக்கம். வயலின் அழகையும் விற்று வாழலாம் என்பது புதிய வழக்கம். முந்திரிகைத் தோட்டங்களைக் காணவும், அங்கே வடிக்கும் வைனைச் சுவைக்கவும் திரண்டு செல்லும் உல்லாசப் பிரயாணிகளால் பிரான்சின் போர்டோ, போர்த்துக்கலின் டூரோ, தென்னாபிரிக்காவின் ஸ்டெலன்பொஷ் முதலிய பிரதேசங்களின் வாழ்வே மாறிவிட்டது. மது நன்றோ தீதோ என்ற வாதத்தை நாம் இங்கே எடுக்கவில்லை. ஊருக்குள் பணத்தோடு நுழைகின்ற அந்நியன், அவ்வூர்க் கமக்காரனுக்கு எதைத் தருகிறான், எதைக் கொண்டு செல்கிறான் என்பதே நமது கேள்வி.

இதற்கு விடை தேட அமெரிக்காவின் நாப்பா பள்ளத்தாக்கை விடச் சிறந்த இடம் வேறில்லை. சன்பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே சுமார் 50 மைல் தூரத்தில், ஏறக்குறைய 30 மைல் நீளமான சிறு பள்ளத்தாக்கு அது. கலிபோர்ணியாவின் மொத்த வைனில் நாப்பாவின் பங்கு நூற்றுக்கு 4 அளவே. ஆயினும் 2018 ஆம் ஆண்டில் அங்கு வந்தோர் தொகை 38 இலட்சத்துக்கும் மேல். அவர்கள் செலவிட்ட பணம் 200 கோடி டொலருக்கும் மேல்.

இந்தச் சுபீட்சம் தானாக வந்ததன்று. 1960 ஆம் ஆண்டுகளில் நாப்பாவில் முந்திரிகையோடு பிளம் மரங்களும் வால்நட் மரங்களும் மாட்டுப் பண்ணைகளும் இருந்தன. நகரம் வயலை நோக்கி வளர்ந்து வந்தது. வீட்டு மனைகளாக விற்றால் கைநிறையப் பணம் கிடைக்கும் என்ற ஆசையும் உடன் வளர்ந்தது. அவ்வேளையில், 1968 இல், மாவட்ட சபை பள்ளத்தாக்கின் அடிநிலத்தை விவசாயப் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனம் செய்தது. 20 ஏக்கருக்குக் குறைவான துண்டுகளாகக் காணியைப் பிரிக்க முடியாது என்பது சட்டம். பின்னர் அந்த எல்லை 40 ஏக்கராக உயர்த்தப்பட்டது. காணிச் சொந்தக்காரர் பலர் அன்று இதை வன்மையாக எதிர்த்தனர். தம் சொத்தின் விலையைச் சபை பறிக்கிறது என்றனர்.

எட்டு ஆண்டுகள் சென்றன. 1976 இல் பாரிஸ் மாநகரில் நடந்த சுவைப் போட்டியில் நாப்பாவின் வைன்கள் பிரான்சின் புகழ்பெற்ற வைன்களை வென்றன. உலகம் அந்தப் பள்ளத்தாக்கைத் தேடி வந்தது. வந்தபோது அங்கே பார்ப்பதற்குத் தோட்டம் எஞ்சியிருந்தது. 2022 இல் அங்கு விளைந்த கபர்நே சோவிஞோன் என்னும் இன முந்திரிகை தொன் ஒன்று சராசரியாக 8,000 டொலருக்கு மேல் விலைபோயிற்று. காணியின் விலையைச் சட்டம் பறித்ததா, பெருக்கியதா என்பதை அன்று எதிர்த்தோரின் பிள்ளைகளே கூறட்டும்.

வெற்றியே பின்னர் ஆபத்தாகவும் வந்தது. கமத்தைக் காட்டிலும் விருந்து அதிக இலாபம் தரத் தொடங்கியதும், தோட்டத்தின் நடுவே விருந்து மண்டபங்கள் எழ முற்பட்டன. ஆகவே 1990 இல், புதிய ஆலைகளின் வைனில் நூற்றுக்கு 75 பங்கு முந்திரிகை நாப்பாவிலேயே விளைந்ததாக இருக்க வேண்டும் என மாவட்டம் விதித்தது. புதிய ஆலைகளைப் பார்க்க வருவோர் முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டே வரவேண்டும் என்றும் விதித்தது. அதே ஆண்டில் மக்கள் வாக்களித்து மற்றொரு கட்டும் போட்டனர்: விவசாயக் காணியை வேறு தேவைக்கு மாற்றுவதாயின் பொதுமக்களின் வாக்கைப் பெறவேண்டும். 2008 இல் இக்கட்டை 2058 வரை நீடித்தனர்.

ஆயினும், சட்டத்தின் கதவை அடைத்தால் சொல்லின் சாளரம் வழியே நுழைவோர் எங்கும் உண்டு. கமத்தொழிலைச் சார்ந்த விற்பனையும் விளம்பரமும் கமத்தொழிலே என்று 2008 இல் மாவட்டத்தின் பொதுத் திட்டம் வரைவிலக்கணம் கூறிற்று. உழுவதும் கமம், உண்டாட்டு நடத்துவதும் கமம் என்றால் உழுபவனுக்கு எதற்குத் தனிப் பாதுகாப்பு?

இதனிலும் பெரிய குறை ஒன்றுண்டு. கொடியைக் கத்தரித்துப் பழத்தைக் கொய்யும் தொழிலாளர் பெரும்பாலும் மெக்சிக்கோவிலிருந்து வந்தோர். அழகால் விலையேறிய அந்த ஊரில் குடியிருக்க இவர்களிற் பலருக்கு இயலாது. அயல் மாவட்டங்களிலிருந்து விடியுமுன் புறப்பட்டு வருகின்றனர். 2002 இல் தோட்டச் சொந்தக்காரர் ஏக்கருக்கு 10 டொலர் வரி தாமே ஏற்றுத் தொழிலாளர் விடுதிகளுக்கு உதவினர் என்பது பாராட்டத்தக்கது. ஆனால் அவ்விடுதிகள் மூன்றிலும் இருந்த படுக்கைகள் 180 மட்டுமே. தனியாக வரும் தொழிலாளருக்கென அமைந்தவை அவை. மனைவி மக்களோடு வாழ அல்ல. இலட்சக்கணக்கான விருந்தினருக்கு இடம் கண்ட ஊர், தன்னை விருந்துக்கு ஆயத்தம் செய்தவனுக்கு இடம் காணவில்லை.

விருந்தினரை மட்டும் நம்பிய வாழ்வு எத்துணை நிலையற்றது என்பதை 2020 காட்டிற்று. கொள்ளைநோயும் காட்டுத்தீயும் ஒரே ஆண்டில் வந்தன. வாயில்கள் மூடின, புகை படிந்த பழம் கொய்யப்படாமல் கொடியிலேயே கிடந்தது.

யாழ்ப்பாணத்திலும் முந்திரிகை விளைகிறது. பெரும்பாலும் பழமாகவே சந்தைக்குப் போகிறது. சுண்ணக்கல்லின் அடியிலுள்ள நன்னீரே நமது தோட்டங்களுக்கு உயிர். நமது கடற்கரைக்கும் தோட்டவெளிக்கும் விருந்தினர் வருவதை நாம் வெறுக்கவில்லை, வரவேற்கிறோம். ஆனால் ஹோட்டல் எழுந்தபின் காணிச்சட்டம் பேசுவதில் பயனில்லை. எந்தக் காணி என்றும் கமத்துக்கே உரியது, எந்தக் கிணற்றிலிருந்து எவ்வளவு நீர் இறைக்கலாம், தோட்டத்தில் உழைப்பவன் எங்கே குடியிருப்பான் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஊர்மக்கள் முதலிலே விடை எழுதவேண்டும். முதலிரண்டு கேள்விகளைக் கமக்காரரும் படித்தோரும் கூடியிருந்து இன்றே ஆராயலாம். மூன்றாவதை மறந்துவிட வேண்டாம். நாப்பா மறந்தது அதைத்தான்.