பெயரும் ஓர் அமானிதமே

பொதுநலனுக்கென ஒதுக்கப்பெற்ற வக்ஃபுச் சொத்தை நிருவகிக்கும் முத்தவல்லி அதன் உரிமையாளர் அல்லர், காவலரே ஆவார். அவர் கிணற்றைத் தூர்வாரலாம்; சுவரைப் புதுப்பிக்கலாம். ஆயினும், அதனை நம்பி வாழ்வோரை மறந்து எதனையும் மாற்றுதல் அவருக்கு அடாது. இந்நெறி நிலத்துக்கும் தோப்புக்கும் மட்டுமே உரியதன்று. எவரும் எடுத்தாளவும் திருத்தவும் பகிரவும் உரிமை வழங்கும் லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளங்களுக்கும் இது பொருந்தும் என்பது நம் துணிபு. இதற்குச் சான்றாக, அவ்வியங்குதளங்களில் பைத்தான் என்னும் நிரல்மொழியின் பழைய பதிப்பு விலகிப் புதிய பதிப்பு அமர்ந்த வரலாற்றை ஈண்டு எண்ணிப் பார்ப்போம்.

பைத்தான் மொழியைப் படைத்தவர் நெதர்லாந்து நாட்டினரான கைடோ வான் ரோசம். 1991இல் முதன்முதலாக வெளிவந்த அம்மொழி, கற்பதற்கு எளிதாயிருந்தமையால் விரைந்து பரவிற்று. அதில் எழுதிய நிரலைப் படித்து நிறைவேற்றித் தருவதற்கு இன்டர்பிரட்டர் என்னும் மென்பொருள் வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தை வழங்குவோர் அதனையும் உடன் சேர்த்தே தருவர். நிரலின் முதல் வரியில் ‘பைத்தான்’ என்னும் பெயரைக் குறித்துவிட்டால், இயங்குதளம் அப்பெயருக்குரிய இன்டர்பிரட்டரைத் தானே தேடி அழைக்கும். பெயர் ஒன்றுதான், அதனை நம்பி எழுதப்பெற்ற நிரல்களோ எண்ணிறந்தவை.

2008ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் பைத்தானின் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. பழைய நிரல்கள் பல அதில் இயங்கமாட்டா என்பதை அறிந்தே, அடிப்படைக் குறைகளைக் களையும்பொருட்டு, அதனைப் படைத்தோர் இம்மாற்றத்தைச் செய்தனர். இது வீண் புதுமை விருப்பமோ என ஐயுறுவார்க்கு நம் தாய்மொழியே விடை பகரும். ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளம் யாது என இரண்டாம் பதிப்பைக் கேட்டால், தனிக் குறிப்பு ஏதும் தராதவிடத்து, யூடிஎஃப்-8 முறையில் 15 என்று விடையிறுக்கும். அஃது எழுத்தை எண்ணவில்லை. எழுத்தைச் சேமிக்கும் பைட்டுகளை எண்ணிற்று. மூன்றாம் பதிப்பு 5 என்று கூறும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என யூனிகோடு பிரித்து வைத்துள்ள ஐந்து குறிகளை அஃது எண்ணுகின்றது. நாம் அறிந்த எழுத்துகளோ மூன்றே. அக்கணக்கை வருவிக்க இன்னும் ஒரு படி முயலவேண்டும். எனினும், பதினைந்திலிருந்து மூன்றை அடைவதினும் ஐந்திலிருந்து மூன்றை அடைதல் எளிதன்றோ? பழைய பதிப்பில், தலைப்பில் தனி அறிவிப்பு இல்லாவிடின், நிரலுக்குள் ஒரு தமிழ் எழுத்தைத் தானும் எழுத இயலாது. புதிய பதிப்பிலோ மாறிகளுக்கே தமிழ்ப் பெயர் சூட்டலாம். ஆகவே, மாற்றம் நேரிது. தமிழ் போன்ற மொழிகளுக்கு நீதி செய்தது. இதில் நமக்கு ஐயமில்லை.

ஆயின், செய்யத் தக்கதைச் செய்யும் முறையும் தக்கதாயிருத்தல் வேண்டும். பழைய நிரலைப் புதிய பதிப்பிடம் ஒப்படைத்தால் இருவகை இடர்கள் நேரும். அச்சிடும் கட்டளையின் வடிவம் மாறியமையால், நிரல் பிழை காட்டி நின்றுவிடுவது ஒருவகை. இது வெளிப்படையான இடர், உடனே திருத்தலாம். மற்றொன்று ஓசையின்றி நிகழ்வது. 5ஐ 2ஆல் வகுக்கச் சொன்னால், பழைய பதிப்பு முழு எண்ணாக 2 என்று தரும், புதியது 2.5 என்று தரும். நிரல் நில்லாது, எச்சரிக்கையும் எழாது, விடை மட்டும் வேறாகும். ஊதியக் கணக்கிலோ மதிப்பெண் பட்டியலிலோ இவ்வாறு நேர்ந்தால் அதனைக் கண்டறிவார் யார்? பெயரை மாற்றாது பொருளை மட்டும் மாற்றுவதன் தீங்கு இதுவே.

இதனைக் கையாள்வதில் இயங்குதளம் வழங்குவோர் வெவ்வேறு வழிகளை மேற்கொண்டனர். ஆர்ச் லினக்ஸ் 2010ஆம் ஆண்டு அக்டோபரிலேயே ‘பைத்தான்’ என்னும் பெயரை மூன்றாம் பதிப்புக்கு வழங்கிவிட்டது. ஃபெடோரா 2019 அக்டோபரில் வெளிவந்த தன் 31ஆம் பதிப்பில் அம்மாற்றத்தைச் செய்தது. ரெட் ஹாட் நிறுவனம் 2019 மே மாதத்தில் வெளியிட்ட தன் எட்டாம் பதிப்பில், பெயரை எவருக்கும் தாராது விட்டு, இயங்குதளத்தின் சொந்தப் பணிகளுக்கெனத் தனியானதோர் இன்டர்பிரட்டரை ஒதுக்கிவைத்தது. 2021 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 11உம் பெயரை வெறுமையாக விட்டது. அப்பெயர் எப்பதிப்பைச் சுட்டவேண்டும் என்பதைப் பயன்படுத்துவோரே தேர்ந்துகொள்ளச் செய்தது.

இவற்றுள் பெயரை வெறுமையாக விட்ட வழியே சிறந்தது என்போம். ஆர்ச் லினக்ஸ் கொண்ட துணிவை நாம் இகழவில்லை. முன்னே செல்வார் ஒருவர் இருந்தால்தான் பின்வருவார்க்குப் பாதை புலப்படும். ஆயினும், பழைய பொருளை எண்ணி எழுதப்பெற்ற ஒரு பெயரைக் கேளாமலே புதியவர் கையில் கொடுப்பதினும், “நீ எவரை அழைக்கின்றாய்?” என்று ஒருமுறை கேட்டு நிறுத்துதல் நேர்மையானது. வெறுமையான பெயர் பிழையை வெளிப்படுத்தும். மாற்றி வைத்த பெயர் பிழையை மறைக்கவும் கூடும்.

“அங்ஙனமாயின் பழையதையே என்றென்றும் காத்துவரலாமே” என்பார் உளர். அதுவும் அறமாகாது. பழைய பதிப்புக்கு 2015இல் ஓய்வளிக்க முதலில் கருதியிருந்தனர். பலரும் மாறாதிருந்தமையால் 2014இல் அக்கெடு 2020 வரை நீட்டிக்கப்பெற்றது. அத்தனை ஆண்டுகளும் ஒரே பணியை இருமுறை செய்தவர்கள், பெரும்பாலும் ஊதியமின்றி உழைத்த தன்னார்வலர்கள். 2020 ஜனவரி 1ஆம் நாளோடு பழைய பதிப்புக்கான பேணுதல் முடிவுற்றது. இறுதி வெளியீடாகிய 2.7.18 அவ்வாண்டு ஏப்ரலில் வந்தது. பாதுகாப்புக் குறை தோன்றினும் திருத்துவார் இல்லாத மென்பொருளைப் பொதுமக்கள் கையில் தொடர்ந்து தருதல், இடியும் சுவருக்கு வெள்ளையடிப்பது போன்றதே. முன்னறிவிப்பு, போதிய கால இடைவெளி, பழையதற்கும் புதியதற்கும் தனித்தனிப் பெயர், அறிவித்த நாளில் உறுதியான முடிவு ஆகிய நான்கும் சேர்ந்ததே நல்ல மாற்றம்.

இதில் நமக்கென்ன என்று ஆசிரியப் பெருமக்களும் சமுதாய மூத்தோரும் எண்ணிவிடலாகாது. அரபுத்தமிழில் நம் முன்னோர் எழுதிவைத்த நூல்கள் பல இன்றும் உள்ளன. படிக்கத் தெரிந்தோர்தாம் அருகிவிட்டனர். படிப்பவர் மறைந்தால் ஏடு ஊமையாகும். நிரலும் அத்தகையதே. சொல்லடைவு தொகுக்கவும் நூலகப் பட்டியலை வரிசைப்படுத்தவும் எழுதப்பெற்ற சிறு நிரல்கள், அவற்றைப் படிக்கும் இன்டர்பிரட்டர் நீங்கியதும் வாய்மூடிவிடும். பெருநிறுவனங்கள் பொருள் செலவிட்டுத் திருத்திக்கொள்ளும். எழுதிய மாணவர் படிப்பை முடித்துச் சென்றுவிட்ட ஒரு துறை என்செய்யும்? ஆகவே, கணிப்பொறிக் கூடத்தில் புதிய இயங்குதளத்தை நிறுவுமுன், எந்நிரல்கள் வழக்கில் உள்ளன, அவை எப்பதிப்பில் எழுதப்பெற்றவை, எப்பணிக்கு உரியவை என ஒரு பதிவேடு எழுதி வைத்தல் கல்வி நிறுவனங்களின் கடமையாகும்.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு சொல். புதிய பதிப்பு வேண்டுமெனில் இயங்குதளத்துக்குரிய பைத்தானை வலிந்து மாற்றாதீர்கள். முன்னாளில் சென்ட்ஓஎஸ் இயங்குதளத்தில், மென்பொருள்களை நிறுவித் தரும் யம் என்னும் கருவியே பைத்தானின் இரண்டாம் பதிப்பில் எழுதப்பட்டிருந்தது. அதனை அறியாது பெயரை மாற்றியவர்கள், அக்கருவியே செயலிழக்கக் கண்டு திகைத்தனர். உங்கள் பணிக்கெனத் தனிச் சூழலை அமைத்துக்கொள்ளும் வசதி மூன்றாம் பதிப்பிலேயே உள்ளது. 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 முதலாக, இயங்குதளத்தின் பைத்தானில் வெளியிலிருந்து தொகுப்புகளை நேரே சேர்க்க முயன்றால் தடுத்து எச்சரிக்கும் ஏற்பாடும் அங்கு வந்துவிட்டது. அத்தடையைத் தொல்லையெனக் கொள்ளாது, காவலெனக் கொள்ளுங்கள்.

நாளை உங்களுள் சிலர் பொதுமென்பொருளைப் பேணும் பொறுப்பில் அமரக்கூடும். அந்நாளில் ஒரு பெயரை மாற்றும் அதிகாரம் உங்கள் விரல் நுனியில் இருக்கும். அப்பெயரை நம்பியோர் எங்கோ ஒரு சிற்றூரில், உங்கள் முகமும் அறியாது, தம் பணியைச் செய்துகொண்டிருப்பர். அவர்களுக்கு அறிவிக்காமல் அதனைத் தொடாதீர்கள். அறிவித்த பின் தயங்காதீர்கள். அமானிதத்தைப் பேணும் நல்லுள்ளத்தை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!