எட்டுப் போட்டால் போதுமா?

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். சனிக்கிழமை சாயங்காலம் ஏதாவது ஒரு வளைவில் ஓரமாக நின்று பாருங்கள். டிக்கெட் இல்லாத சர்க்கஸ். மேற்கூரைக் கண்ணாடியைத் திறந்து, பிள்ளையை எழுப்பி நிறுத்திக்கொண்டு ஒருவர் வருவார். எதிரே என்ன வருகிறது என்று தெரியாமலே வளைவில் முந்துவார் இன்னொருவர். மூணாறிலிருந்து டாப் கியரில் இறங்கி, வழியெல்லாம் பிரேக்கை அழுத்தியபடியே வந்து, முன் சக்கரத்தில் புகை கிளம்ப வண்டியை நிறுத்திவிட்டு முழிப்பார் மூன்றாமவர். கருகிய வாடை வேறு.

கேட்டால், "எனக்கு இருபது வருஷ எக்ஸ்பீரியன்ஸ் சார்!" என்பார்கள்.

எனக்கும் இருந்தது அதே இருபது வருஷம். அதன் லட்சணம் போன வருஷம்தான் தெரிந்தது.

கோவைப் பக்கம் தார் போட்ட மைதானம் ஒன்றில் ஆட்டோகிராஸ் நடந்தது. பெயரைக் கேட்டு மிரளவேண்டாம். காலி இடத்தில் ஆரஞ்சுக் கூம்புகளை வளைத்து வளைத்து வைத்திருப்பார்கள். அதற்குள் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கார். ஸ்டாப் வாட்ச்சோடு ஒருவர் நிற்பார். கூம்பைத் தட்டினால் அபராதமாகச் சில விநாடிகள் கூடும். ரேஸ் கார் தேவையில்லை. வீட்டுக் கார், ஹெல்மெட், சீட் பெல்ட் போதும். நண்பர் உசுப்பிவிட்டார். நானும் போனேன்.

முதல் சுற்றிலேயே மூன்று கூம்புகள் அவுட். அடுத்த வளைவு சட்டென்று வந்துவிட, பயந்துபோய் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். காலுக்கடியில் பெடல் தடதடவென்று உதறியது. என்னமோ உடைந்துவிட்டது என்று காலை எடுத்தேன். வண்டி நேராகப் போய்க் கூம்புகளுக்குள் புகுந்தது.

எதுவும் உடையவில்லை. அந்த உதறலுக்குப் பெயர் ஏ.பி.எஸ். சக்கரம் இறுகி நின்றுபோகாமல், பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிற ஏற்பாடு. காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பியிருந்தால் கார் திரும்பியிருக்கும். அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அதற்கும் சேர்த்துக் காசு கொடுத்து கார் வாங்கியவன், அது வேலை செய்தபோது பயந்து காலை எடுத்துவிட்டேன்! இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட நான் பிரேக்கை முழுசாக மிதித்ததில்லை. நீங்கள் மிதித்திருக்கிறீர்களா?

பழைய மாருதி 800-இல் வந்திருந்த ஒரு கல்லூரிப் பெண் என்னைவிடப் பல விநாடிகள் முன்னால் முடித்துவிட்டு, பரிதாபப்பட்டு வந்து சொன்னார்: "அங்கிள், நீங்க கூம்பையே பாக்குறீங்க. கண்ணு போற இடத்துக்குத்தான் வண்டியும் போகும். அடுத்த வளைவைப் பாருங்க."

கத்துக்குட்டிக்கு அன்று கிடைத்த பாடங்கள் மூன்று. ஓட்டுவதற்கு முன் பாதையை நடந்து பார். ஓட்டும்போது பக்கத்துக் கூம்பைப் பார்க்காதே, போகவேண்டிய இடத்தைப் பார். பிரேக்கை வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே போட்டு முடி.

மூன்றாவதை பி.காம். பாஷையில் சொல்கிறேன். ரோட்டின் மீது டயருக்கு இருக்கும் பிடிமானம், வங்கிக் கணக்கில் இருக்கும் பணம் மாதிரி. பிரேக் போட்டால் அதில் செலவு. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் செலவு. இரண்டையும் ஒரே நேரத்தில் முழுசாகக் கேட்டால் செக் திரும்பும். வங்கியாவது கடிதம் போடும். டயர் போடாது. இன்னொரு கணக்கு: வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் ஏறக்குறைய நாலு மடங்கு. 40-இல் போகும்போது கிடைத்த தைரியத்தை 80-க்கு எடுத்துக்கொண்டு போகக்கூடாது.

கடைசிச் சுற்றில் ரொம்ப மெதுவாக ஓட்டியது போலிருந்தது. வாட்ச் 9 விநாடி குறைவு என்றது. வேகமாகப் போகவேண்டும் என்ற வெறியை விட்ட பிறகுதான் வேகமே வந்தது.

ஊருக்கு வந்து, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர் ஒருவரிடம் இதைப் பெருமையாக அளந்தேன். சிரித்தார். "இதுக்கு எதுக்குண்ணே கோயமுத்தூரு? ஏறுன கியர்லயே இறங்கணும். பெண்டுக்கு முன்னாடியே அடக்கிரணும். மேல வர்ற வண்டி அங்கிட்டுத் திரும்புறப்பவே பாத்துக்கணும். எங்க மாமாகூடக் கிளீனராப் போயிக் கத்துக்கிட்டது."

அதற்காக ஜீப்காரர்களை தெய்வமாக்கவும் நான் தயாரில்லை. பத்துப் பேர் போகும் வண்டியில் அதற்கு மேல் அடைத்துக்கொண்டு பறப்பவர்களும் அவர்களில் உண்டு. நான் சொல்ல வந்தது வேறு. அவருக்கு ஒரு மாமா இருந்தார். நமக்கு யார்?

எனக்கு லைசென்ஸ் கொடுத்த அன்று நடந்தது இதுதான். சமதளத்தில் கொஞ்ச தூரம், ஒரு யு டர்ன், ஒரு கையெழுத்து. ஆனால் 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளைப் புரட்டுங்கள். 15-ஆவது விதி, சோதனையில் எதையெல்லாம் பார்க்கவேண்டும் என்று பட்டியல் போடுகிறது. சரிவில் இறங்கும்போது சட்டென்று கீழ் கியருக்கு மாற்றத் தெரியவேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்பத் தெரியவேண்டும். அவசரத்தில் நிறுத்தத் தெரியவேண்டும். எல்லாம் அச்சில் இருக்கிறது! உங்களில் எத்தனை பேரிடம் இதையெல்லாம் செய்து காட்டச் சொன்னார்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

பைக்குக்கு எட்டுப் போடு, காருக்கு நாலு அடி ஓட்டு, கொச்சி - தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் 17 வளைவுகளுக்கும் நீயே ராஜா!

2022-இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் செத்தவர்கள் 17,884 பேர். அதே வருஷம் இந்தியா முழுக்க நடந்த சாலை மரணங்களில் 71 சதவிகிதத்தை அதிவேகத்தின் பேரில் எழுதியிருக்கிறது மத்திய அரசின் அறிக்கை. "மெதுவாகச் செல்லவும்" என்று போர்டு வைத்தால் கடமை முடிந்ததா? தன் பிரேக் எங்கே பிடிக்கும், எங்கே கைவிடும் என்று தெரியாதவனுக்கு எது மெதுவு, எது வேகம் என்று எப்படித் தெரியும்?

கார் பந்தயத்துக்கு நான் எதிரியில்லை. 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் நம் கோவைக்காரர். இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து ஓடுபாதை இருக்கிறது. 2024-இல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் விளக்குப் போட்டு ஃபார்முலா 4 பந்தயமே நடத்தினோம். கைதட்டினோம், விசிலடித்தோம். சந்தோஷம். அந்த உற்சாகத்தில் துளியூண்டு மலையடிவார ஊர்களுக்கும் வரட்டும். போடியில், மேட்டுப்பாளையத்தில், ஏற்காட்டுக்குக் கீழே சேலத்தில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு காலி மைதானம். ஐம்பது கூம்புகள், ஒரு ஸ்டாப் வாட்ச், ஒரு தண்ணீர் லாரி. ஈரத்தரையில் முழு பிரேக் மிதித்துக் காட்டாதவனுக்கு லைசென்ஸ் இல்லை என்று சொல்லுங்கள்.

"மைதானம் கொடுத்தா பசங்க ரேஸ் ஓட்டுவாங்க சார்" என்றார் ஒரு அதிகாரி. இப்போது எங்கே ஓட்டுகிறார்களாம்? கோயிலிலா?

தப்புச் செய்யாமல் யாரும் டிரைவிங் கற்றுக்கொள்வதில்லை. அந்தத் தப்பை எங்கே செய்வது என்பதுதான் கேள்வி. மைதானத்தில் செய்தால் விழுவது பிளாஸ்டிக் கூம்பு. எடுத்து நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டலாம். போடிமெட்டில் செய்தால்? பூப்பாறையிலும் சாந்தன்பாறையிலும் நாள் முழுக்கக் குனிந்து காயெடுத்துவிட்டு, தூக்குவாளியை மடியில் வைத்தபடி ஜீப்பில் தூங்கி வழிந்துகொண்டு இறங்குகிற பெண்கள்தான் எதிரே வருகிறார்கள்.

அவர்கள் கூம்புகள் இல்லை.