முதல்ல முக்காலி, அப்புறம் லென்ஸ்!

காட்டுயிர் வீடியோ எடுக்கணும்னு ஆசை வந்ததும் எல்லாரும் கேக்கற முதல் கேள்வி, "எத்தனை எம்எம் லென்ஸ் வாங்கலாம்?" என்னைக் கேட்டா, முதல்ல ட்ரைபாடுக்குக் காசை எடுத்து வைங்கன்னுதான் சொல்லுவேன்.

ஃபோட்டோவுக்கு ஷட்டரை 1/1000-ல் வச்சா கை நடுக்கம் தெரியாது. வீடியோ அப்படி இல்லீங்க. எவ்வளவு வேக ஷட்டர் வச்சாலும் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் படம் ஆடத்தான் செய்யும். 600 எம்எம்ல லேசா காத்தடிச்சாலே பறவைக்கு நிலநடுக்கம்தான் :-)

ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவில் 300 எம்எம் லென்ஸே 450 அளவுக்குக் கிட்ட காட்டும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்னா 600. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்னு நத்தைகுத்தி நாரை கூடு கட்டறதை எடுக்க எனக்கு அதுவே போதுமா இருந்தது. மிச்சக் காசுக்கு நல்ல ஃபுளூயிட் ஹெட் வாங்கலாம்.

2எக்ஸ் கன்வர்ட்டர் போட்டுக்கலாமேன்னா, இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போயிடும். எஃப்/5.6 லென்ஸ் எஃப்/11 ஆயிடும். சாயங்கால வெளிச்சத்துல என்னத்த எடுக்கறது? உச்சி வெயில்ல கானல் அலையடிச்சா எந்த லென்ஸும் உதவாது. காலையிலயே போயிடுங்க.

அப்போ பெரிய லென்ஸே வேணாமா? வேணும், கூட்டுக்குக் கிட்டப் போகாம இருக்கறதுக்காக. நாம நெருங்கினா தாய்ப்பறவை எழுந்து பறந்துடும். குஞ்சு வெயில்ல காயும், இல்லைன்னா காக்கா தூக்கிட்டுப் போயிடும். லென்ஸ் எட்டலையா, படத்துல பறவை சின்னதாவே இருந்துட்டுப் போகட்டும். நம்ம வீடியோவுக்காக ஒரு கூடு கலைய வேணாம் மக்கா.