வண்டி நின்றால் அடுப்பும் நிற்கும்!

காலை மணி ஐந்து. நெய்வேலிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சாலை ஓரத்தில் பதினோரு பேர் நிற்கிறோம். எல்லோர் கையிலும் சோற்றுத் தூக்கு. எல்லோரும் காலை ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள்.

எங்கள் வேன் வரவில்லை.

டிரைவருக்குப் போன் செய்தோம்.

"அண்ணே! வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக், டக்' என்கிறது. அதோடு சரி!" என்றார். அவர் குரல் கம்மியிருந்தது.

இது முதல் தடவை அல்ல. அந்த ஆண்டில் ஐந்தாவது தடவை!

அன்று எங்களில் நாலு பேருக்கு அரை நாள் கூலி போயிற்று. டிரைவருக்கு அன்றைய படி போயிற்று. அதோடு, "நீ சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை" என்று பாட்டரி விலையில் பாதியை அவர் சம்பளத்திலேயே பிடித்தார் முதலாளி. டிரைவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர்.

ஒரு வண்டி நின்றால் அதை நம்பியிருக்கும் பத்து வீட்டு அடுப்பும் நிற்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குற்றவாளி யார்?

அந்த வேனுக்கு என்னென்ன வைத்தியம் நடந்தது தெரியுமா?

முதல் தடவை நின்றபோது புதுப் பாட்டரி போட்டார்கள். ஒன்றரை மாதம் ஓடியது. மறுபடி நின்றது. செல்ப் மோட்டாரைக் கழற்றிப் பழுது பார்த்தார்கள். கொஞ்ச நாள் ஓடியது. மறுபடி நின்றது. மறுபடியும் பாட்டரி!

கடைசியில் வயதான எலக்ட்ரீசியன் ஒருவர் வந்தார். அவர் எதையும் கழற்றவில்லை. டிரைவரைக் கூப்பிட்டு, "தம்பி! எப்போது நிற்கிறது? மழை நாளிலா, வெயில் நாளிலா? தள்ளி விட்டால் ஓடுகிறதா?" என்று கேட்டார்.

"மழை பெய்த மறுநாள்தான் ஐயா! தள்ளினால் உடனே ஓடுகிறது" என்றார் டிரைவர்.

பெரியவர் வண்டிக்கு அடியில் படுத்தார். பாட்டரியில் இருந்து வண்டிச் சட்டத்துக்குப் போகும் எர்த் வயரைப் பார்த்தார். அதன் முனை துருப்பிடித்துப் பச்சை பூத்துக் கிடந்தது. சுரண்டிச் சுத்தம் செய்தார். வயரை மாற்றி இறுக்கினார். அரை மணி வேலை.

அதற்குப் பிறகு அந்த வேன் அப்படி நின்றதே இல்லை.

யார் குற்றவாளி? பாட்டரி அல்ல. டிரைவரும் அல்ல. ஒரு சாண் வயர்!

அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியை முதல் நாளே யாராவது கேட்டிருந்தால், இரண்டு பாட்டரிக் காசும் ஒரு மனிதனின் சம்பளமும் தப்பியிருக்கும்.

டீசல் இஞ்சினின் குணம்

டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர். ருடால்ப் டீசல் என்ற இஞ்சினீயர் ஜெர்மனியில் 1897-ம் ஆண்டு இந்த இஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார்.

பெட்ரோல் இஞ்சினில் பிளக் இருக்கிறது. அது பொறி தட்டி நெருப்பு வைக்கிறது. டீசல் இஞ்சினில் அந்தப் பொறி கிடையாது. உள்ளே வரும் காற்றை இஞ்சின் இறுக்கி நசுக்குகிறது. காற்று 500 டிகிரிக்கும் மேல் கொதிக்கிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகத் தீப்பற்றுகிறது.

காற்றை அப்படி நசுக்க நல்ல பலம் வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது அந்தப் பலத்தைக் கொடுப்பது பாட்டரியும் செல்ப் மோட்டாரும். அப்போது வயர்களில் பாயும் மின்சாரம் கொஞ்சநஞ்சம் அல்ல. நூற்றுக்கணக்கான ஆம்பியர்! வழியில் ஓர் இடத்தில் துரு இருந்தாலும் மின்சாரம் அங்கே திணறும். செல்ப் சுற்றாது. 'டக்' என்ற சத்தம் மட்டும் வரும்.

ஆகவே, காலையில் வண்டி எழும்பாவிட்டால் முதலில் ஒன்றைக் கவனியுங்கள்.

செல்ப் சுற்றவே இல்லையா? கோளாறு பெரும்பாலும் மின்சாரத்தில். பாட்டரி, டெர்மினல், எர்த் வயர், செல்ப் மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள்.

செல்ப் நன்றாகச் சுற்றியும் இஞ்சின் பிடிக்கவில்லையா? கோளாறு பெரும்பாலும் டீசல் வரும் வழியில். பில்டர் அடைத்திருக்கலாம். டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம். குழாயில் சிறு கசிவு இருந்தால் இரவில் டீசல் பின்வாங்கி, உள்ளே காற்று புகுந்திருக்கலாம். ஏர் எடுத்தால் வண்டி ஓடும். ஆனால் கசிவை அடைக்காவிட்டால் மறுநாள் காலையும் அதே கதைதான்!

பல ஊர்களில் தினமும் ஏர் எடுக்கிறார்கள். கசிவைத் தேடுவோர் சிலரே.

நெய்வேலி வேனின் பாடு

நெய்வேலியில் ஓடும் வேனுக்கு வேலை அதிகம். சுரங்கப் பக்கம் போனால் மண் தூசி. அனல் நிலையப் பக்கம் போனால் சாம்பல் தூசி. ஐப்பசி, கார்த்திகையில் அடை மழை.

தூசி இஞ்சினுக்கு விஷம். ஏர் பில்டரைத் தாண்டி உள்ளே போன மண் உப்புத்தாள்போல் தேய்க்கும். பிஸ்டனும் வளையங்களும் தேய்ந்து போகும். காற்றை நசுக்கும் பலம் குறையும். பிறகு எத்தனை பாட்டரி மாற்றினாலும் காலையில் இஞ்சின் முரண்டு பிடிக்கும். சாதாரண ரோட்டில் ஓடும் வண்டிக்குப் போதும் என்று புத்தகத்தில் போட்ட கெடு, தூசியில் ஓடும் வண்டிக்குப் போதாது. பில்டரை முன்கூட்டியே மாற்ற வேண்டும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. இந்த வேன்கள் நெடுந்தூரம் ஓடுவதில்லை. மந்தாரக்குப்பத்தில் இருவர், இந்திரா நகரில் மூவர் என்று ஏற்றிக்கொண்டு, நின்று நின்று போகின்றன. ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் செலவான மின்சாரம் பாட்டரிக்குத் திரும்புவதற்குள் இஞ்சினை நிறுத்தி விடுகிறார்கள். போதாக்குறைக்கு விளக்கும் பாட்டும்! பாட்டரி எப்போதும் அரை வயிற்றுடன் இருக்கிறது. சீக்கிரம் சாகிறது.

இதைச் சோதிப்பது எளிது. நல்ல பாட்டரி ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். இஞ்சின் ஓடும்போது பெரும்பாலான வேன்களில் 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். 12-ஐத் தாண்டவில்லை என்றால் டைனமோ ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றவில்லை. பெல்ட்டும் தளர்ந்திருக்கலாம். புதுப் பாட்டரிக்குக் கடன் வாங்குவதற்கு முன் இதைப் பார்த்தால் என்ன?

"என் வண்டி புதுசு. எனக்கென்ன?" என்பவர்களும் கேட்க வேண்டும். 2020-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி முதல் நாட்டில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாடு நடப்பில் இருக்கிறது. அதற்குப் பின் வந்த பல டீசல் வண்டிகளில் புகைக் குழாயில் கரியைப் பிடிக்கும் ஒரு வடிகட்டி உண்டு. வண்டி கொஞ்ச நேரம் நின்று விடாமல் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து போகும். குட்டிப் பயணமே போனால் கரி சேர்ந்து அடைக்கும். மீட்டரில் விளக்கு எரியும். இழுவை குறையும். வண்டிப் புத்தகத்தில் சொன்னபடி அவ்வப்போது வடலூர்ச் சாலையில் சீராக ஓட்டி வந்தால் பெரும் செலவு மிஞ்சும்.

பியூசில் கம்பி வேண்டாம்!

இதைத் தாய்மார்களும் படிக்க வேண்டும். ஏனெனில், இதே போன்ற வேன்களில்தான் உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

பியூஸ் அடிக்கடி போகிறது என்றால், எங்கோ வயர் தேய்ந்து இரும்பில் உரசுகிறது, அல்லது அதிக பாரம் இழுக்கிறது என்று பொருள். அதைத் தேடாமல், "இனிமேல் போகாது பார்" என்று தடித்த கம்பியைச் சுற்றி விடுகிறவர்கள் உண்டு. ஆம், பியூஸ் போகாது. அதற்குப் பதிலாக வயர் எரியும்! வயர் எரிந்தால் வண்டி எரியும்!

பியூஸ் ஒரு காவல்காரன். அவன் கத்தும்போது வாயைக் கட்டாதீர்கள்.

சுரங்கம் சொல்லும் பாடம்

கிணறு வெட்டும்போது ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிடைத்த பழுப்பு நிலக்கரிதான் நெய்வேலிக்கு வாழ்வு தந்தது. 1956-ம் ஆண்டு நிறுவனம் பிறந்தது. 1957-ம் ஆண்டு மே மாதம் 20-ந்தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். ஆனால் நிலக்கரி கண்ணில் பட்டது 1961-ம் ஆண்டு ஆகஸ்டில்தான்.

ஏன் அத்தனை தாமதம்? மேலே மலையாய் மண். கீழே ஊற்று நீர். நிலக்கரிக்கு அடியில் இருக்கும் நீர் மேல் நோக்கி அழுத்துகிறது. அதைப் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் பிழைக்கும். இரவு பகல் பாராமல் இறைக்கிறார்கள். வெள்ளம் புகுந்த பிறகு இறைத்துக்கொள்ளலாம் என்று அங்கே யாரும் காத்திருப்பதில்லை.

கோளாறு வரும் முன் காப்பது இந்த ஊரின் அன்றாடத் தொழில். அந்த ஊருக்கு ஆள் ஏற்றிப் போகும் வேனை மட்டும், நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடலாமா?

ஒரு நோட்டுப் புத்தகம்

நான் சொல்லும் யோசனைக்கு அதிகம் செலவில்லை. ஒவ்வொரு வேனிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். இது டிரைவரின் நோட்டு.

எந்தத் தேதியில் நின்றது? குளிர்ந்த இஞ்சினா, சூடான இஞ்சினா? மழையா? என்ன சத்தம்? புகை கறுப்பா, வெள்ளையா? எதை மாற்றினார்கள்? இவ்வளவும் இரண்டு வரியில் எழுதினால் போதும். எழுதப் பழகாத டிரைவர் என்றால், வீட்டில் படிக்கும் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும்.

ஒரே கோளாறு இரண்டாம் முறை வந்தால், பொருளை மாற்றாதீர்கள். நோட்டைப் புரட்டுங்கள். காரணத்தைத் தேடுங்கள்.

இனி முதலாளிமார்களுக்கு ஒரு வார்த்தை. வண்டி நின்றதற்காக டிரைவர் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். ஒப்படைத்த பொருளுக்குச் சேதம் வந்தால், அது தொழிலாளியின் கவனக்குறைவால் நேரடியாக வந்தது என்றால் மட்டுமே சம்பளத்தில் பிடிக்கலாம். அதற்கு முன் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். 1936-ம் ஆண்டின் சம்பளச் சட்டம் அப்படித்தான் சொன்னது. 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது.

சட்டத்தை விடுங்கள். கணக்கைப் பாருங்கள். சம்பளம் பிடிப்பார்கள் என்று பயந்தால் டிரைவர் சின்னக் கோளாறை மறைப்பார். மறைத்த சின்னக் கோளாறு பெரிய செலவாக வரும். பயம் இல்லாத டிரைவர், "முதலாளி! நேற்றில் இருந்து சத்தம் மாறியிருக்கிறது" என்று முந்திக்கொண்டு சொல்வார். அந்த ஒரு வார்த்தை ஒரு பாட்டரியை விட விலை கூடியது!

எங்கள் வேனில் இப்போது ஒரு நோட்டு இருக்கிறது. டிரைவரின் மூத்த மகள்தான் எழுதுகிறாள். எர்த் வயர் மாற்றிய தேதி முதல் பக்கத்தில் இருக்கிறது. பிடித்த பணத்தை முதலாளி திருப்பிக் கொடுத்தார். அதையும் அந்தப் பெண் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறாள்.