விருந்தாளிக்கு வேற சட்டமோ?

ஒவ்வொரு ஓகஸ்ட் விடுமுறைக்கும் எங்கட தீவுப்பகுதி றோட்டு பாதியாகச் சுருங்குது. பண்ணைப் பாலத்தில் சூரியன் இறங்கிறதைப் படமெடுக்க நிக்கிற கார்கள் ஒரு வரிசை. சாட்டிக் கடற்கரைக்கு வந்த வான்கள் இன்னொரு வரிசை. குறிகாட்டுவான் இறங்குதுறைக்கு முன்னால் பஸ்கள் மூன்றாவது வரிசை. இடையில் மண்கும்பானில் இருக்கிற சனம் சைக்கிளை நடு றோட்டால் மிதிச்சுக்கொண்டு போகுது, ஓரத்தில் இடமில்லை. கேட்டால், "வந்தவையோட என்னத்தைக் கதைக்கிறது, நாலு நாளில போயிடுவினம்" என்று சொல்லுவினம்.

கதைக்கத்தான் வேணும் என்கிறோம் நாங்கள். வந்தவைக்கு றோட்டுச் சட்டத்தில் சலுகை குடுக்கிறதை விருந்தோம்பல் என்று சொல்ல ஏலாது. அந்தச் சலுகைக்கு விலை குடுக்கிறது இங்க இருக்கிற சனம்.

ஏன் என்று வரைபடத்தைப் பார்த்தால் விளங்கும். நெடுந்தீவிலயோ நயினாதீவிலயோ ஒருவருக்குக் கடுமையான வருத்தம் வந்தால், படகில் குறிகாட்டுவானுக்குக் கொண்டுவர வேணும். அங்கயிருந்து அம்புலன்ஸ் புங்குடுதீவு, ஒடுங்கின தாம்போதி, வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி, பண்ணை என்று வந்துதான் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையை அடையும். ஊர்காவற்றுறையில் பாதை ஏறிக் காரைநகர் போனாலொழிய, வேற வழி கிடையாது. நகரத்தில் ஒரு தெரு அடைபட்டால் அடுத்த தெருவால் போகலாம். எங்களுக்கு அடுத்த தெரு கடல். இப்படியான றோட்டில் குறுக்க நிப்பாட்டின ஒரு கார், ஆற்றையோ உயிரோட விளையாடுது.

இனி ஓடுற விசயத்துக்கு வருவம். பாரிஸ், சூரிச், ரொறன்ரோ எல்லாம் வலப்பக்கம் ஓடுற ஊர்கள். இலங்கை இடப்பக்கம். நெரிசலில் ஆரும் பிழைவிடமாட்டினம், ஏனென்றால் முன்னால் போற வாகனம் வழிகாட்டும். பிழை வாறது வெறும் றோட்டில். கடற்கரையில் ரெண்டு மணித்தியாலம் நிண்டுட்டு, காரை எடுத்து றோட்டுக்கு ஏத்துற அந்தக் கணத்தில்தான் கை பழைய பழக்கத்துக்குத் திரும்பும். சுற்றுவட்டத்தில் வலப்பக்கத்தால் வாறவருக்கு இடம் விடவேணும். எதிரில் வாற வாகனம் லைற் அடிச்சால், அங்க பல இடங்களில் "நீங்கள் போங்கோ" என்று அர்த்தம். இங்க பெரும்பாலும் "நான் வாறன், நில்" என்று அர்த்தம். ஊர்மனைக்குள் வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். வெளியில் காருக்கு 70, ஓட்டோவுக்கு 40. மாடு, ஆடு, பள்ளிக்கூடப் பிள்ளையள் எல்லாம் இதே றோட்டில்தான்.

இதெல்லாம் தெரியாத விசயம் என்று சொல்ல வேண்டாம். சுவிஸில் இருக்கிற எங்கட அண்ணாமாரையே எடுங்கோ. நெடுஞ்சாலையில் ஏற வருசத்துக்கு 40 பிராங் கட்டுகினம். நீலக் கோட்டுக்குள் காரை விட்டால், வந்த நேரத்தைக் காட்டுற அட்டையைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒழுங்காக வைக்கினம். நேரம் முடிய முந்தி ஓடிவந்து எடுக்கினம். அதே அண்ணை இங்க வந்தால் வளைவில் காரை நிப்பாட்டிப்போட்டு, கதவையும் திறந்துவைச்சுப் பாட்டுப் போடுவார். சட்டம் தெரியாமலில்லை, இங்க ஆர் கேட்கிறது என்ற நினைப்பு. அந்த நினைப்புக்குள்ள எங்கட ஊரைப் பற்றிய ஒரு மதிப்பீடும் ஒளிஞ்சிருக்கு. எங்களுக்கு நோகிறது அதுதான்.

உடனே ஒரு பதில் வரும்: "உள்ளூர் ஆக்கள் மட்டும் திறமோ? ஹெல்மெட் போடாத பெடியள், முந்தியடிக்கிற தனியார் பஸ்?" உண்மைதான், அதையும் எழுதுவம். ஆனால் அவன் பிழை விட்டால் நாளைக்கும் இதே ஊரில் முகம் காட்டவேணும். நீங்கள் விமானம் ஏறிடுவியள். "ரூரிஸ்ட் வராவிட்டால் வருமானம் எங்க?" என்றும் கேட்பினம். வரட்டும், சந்தோசம். நாகதீப விகாரைக்குத் தெற்கிலயிருந்து வாற பஸ்ஸும் வரட்டும், வாடகை ஓட்டோவைத் தாங்களே ஓடிக்கொண்டு வாற வெள்ளைக்காரரும் வரட்டும். றோட்டை மட்டும் விட்டுவையுங்கோ.

பழி முழுக்க வந்தவை தலையிலயும் இல்லை. 2025 ஓகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலயே வெளிநாட்டவருக்குத் தற்காலிக லைசன்ஸ் குடுக்கத் தொடங்கினார்கள். வேரஹெரவுக்கு அலையத் தேவையில்லை, நல்லது. ஆனால் லைசன்ஸைக் கையில் குடுக்கிற அதே இடத்தில், மேல சொன்ன நாலு விசயத்தையும் ஒரு பக்கத்தில் அச்சடிச்சுக் குடுக்க எவ்வளவு செலவாகும்? அடுத்த மாதமே, 2025 செப்ரெம்பர் 1 ஆம் திகதி, மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அடிக்கல் நட்டார். மைதானம் வந்தால், போட்டி நாளில் எத்தனை வாகனம் இந்தப் பண்ணைப் பாலத்தைக் கடக்கும்? அண்டைக்கு அம்புலன்ஸ் எதால் போகும்? இதைக் கேட்டால் அபிவிருத்திக்கு எதிரியாம்.

நாங்கள் கேட்கிறது மூன்று விசயம். பண்ணைப் பாலத்திலும் புங்குடுதீவுத் தாம்போதியிலும் எந்த வாகனமும் நிக்கக்கூடாது என்று மூன்று மொழியிலும் பலகை வேணும், மீறினால் தண்டமும் வேணும். சாட்டியிலும் குறிகாட்டுவானிலும் வேலணைப் பிரதேச சபை றோட்டுக்கு வெளியில் தரிப்பிடம் ஒதுக்கி, காசு வாங்கட்டும். அந்தக் காசு இந்த ஊருக்கே செலவாகட்டும். மூன்றாவது, ஊரில் இருக்கிற நாங்கள் வாய் திறக்கவேணும். "அண்ணை, காரைக் கொஞ்சம் உள்ளுக்கு எடுங்கோ" என்று சொல்லுறது மரியாதைக் குறைவில்லை.

வாங்கோ, ஒடியல் கூழ் குடியுங்கோ, கடலில் குளியுங்கோ, நயினை அம்மனைக் கும்பிடுங்கோ. இடப்பக்கமா ஓடுங்கோ. காரை றோட்டுக்கு வெளியில விடுங்கோ.