முதிர்வயதின் மறதியும் ஞாபக மாத்திரையும்



மும்பையிலும் டில்லியிலும் பெங்களூரிலும் குடியேறிவிட்ட நம் ஜனங்களில் அநேகர், ஊரிலிருந்த தாயாரையோ தகப்பனாரையோ தங்களோடு அழைத்து வந்திருக்கிறார்கள். சில காலத்தில் பெரியவர்கள் அடுப்பை அணைக்க மறக்கிறார்கள். உண்டதை மறந்து மறுபடியும் சாப்பாடு கேட்கிறார்கள். அப்பொழுது, இது பொல்லாத ஆவியின் கட்டு என்று ஒருவர் சொல்லுவார். வேறொருவர் மருந்துக்கடையில் ஒரு பழைய அட்டையைக் காட்டி 'ஞாபக மாத்திரை' வாங்கிவந்து கொடுப்பார்.

எண்பது வயதான பர்சிலா, தன் நாவின் ருசியும் செவியின் கூர்மையும் குறைந்துபோயின என்று தாவீதிடம் மறைக்காமல் சொன்னான் (2 சாமுவேல் 19). ராஜா அவனை முத்தஞ்செய்து ஆசீர்வதித்து அனுப்பினான். நாமோ, மறதியுள்ள ஒரு தாயாரைச் சபை நடுவே நிறுத்தி, ஆவியைத் துரத்துகிறோம் என்று சத்தமிடுகிறோம். அந்தத் தாயாருக்குப் பயமே மிஞ்சுகிறது.

மாத்திரையின் காரியத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ரை என்னும் தானியத்தின் கதிரில் எர்காட் என்ற பூஞ்சை படரும். இடைக்கால ஐரோப்பாவில் அது கலந்த ரொட்டியைப் புசித்தவர்கள் கைகால் கருகி மாண்டார்கள். அதே பூஞ்சையின் சாரத்தைச் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சான்டோஸ் நிறுவனத்தில் ஆல்பர்ட் ஹாஃப்மன் ஆராய்ந்தபோது ஹைடர்ஜின் என்ற மருந்து பிறந்தது. (எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளை 1938இல் முதலில் உண்டாக்கியவரும் இவரே.) முதியோரின் மூளைக்கு இரத்தம் குறைவதே மறதிக்குக் காரணம், குழாய்களை விரித்தால் தெளிவு வரும் என்று அக்காலத்தில் எண்ணினார்கள். அல்சைமர் வியாதியில் மூளையின் செல்களே சிதைகின்றன என்பது பிற்பாடு தெளிவாயிற்று. 2013இல் ஐரோப்பிய மருந்து முகமை, ஹைடர்ஜின் வகையையும் நைசர்கோலினையும் மறதிக்கும் இரத்த ஓட்டக் குறைவுக்கும் இனிக் கொடுக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. உள்ளுறுப்புகளில் தழும்புபோன்ற திசு வளருவதும் இரத்தக் குழாய்கள் சுருங்குவதும் நேரிடலாம், பலனோ அதற்கு ஈடானதல்ல என்பதே அதன் முடிவு.

ஜின்கோ இலைச் சாற்றையும் அநேகர் நம்புகிறார்கள். அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலுமான 3,069 பேரிடம் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், அது மறதி நோயைத் தடுக்கவில்லை. இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் வைத்தியரைக் கேளாமல் அதைத் தொடலாகாது.

தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, தூக்க மாத்திரை, மனச்சோர்வு, கீழே விழுந்து தலைக்குள் கசிந்த இரத்தம் இவைகளாலும் புத்தி மந்தமாகும். இவற்றிற்குச் சிகிச்சை உண்டு. டோனெபசில் போன்ற மாத்திரை சிலருக்குச் சிறிது காலம் உதவும், நோயை நிறுத்தாது.

மருந்து சாப்பிடுவதே அவிசுவாசம் என்போர் நம் நடுவில் இருக்கிறார்கள். எசேக்கியாவின் பிளவையின்மேல் அத்திப்பழ அடை வைக்கச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி. இதற்குமேல் வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் கூட்டத்தில் ஜெபித்துவிட்டு வந்த அன்றே இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்லுவேன்: கர்த்தர் சுத்தமாக்கிய குஷ்டரோகியையும் ஆசாரியனிடத்தில் காண்பிக்கும்படி அனுப்பினார். அந்த அழுத்தம் கட்டுக்கடங்காவிட்டால் பக்கவாதம் வரலாம். அதைத் தொடர்ந்து மறதியும் வரலாம்.

வைத்தியரிடம் போகும்போது, தாயார் பேசுவதை நன்கு அறிந்த ஒருவர் கூடப் போகட்டும். இன்று என்ன கிழமை, இது எந்த இடம் என்றெல்லாம் அவர் கேட்பார். எழுபது வருஷம் திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்தவரிடம் ஹிந்தியில் கேட்டால், இல்லாத மறதியும் இருப்பதாகத் தோன்றும். தாராவியின் தெருப்பெயர் அவருக்கு ஒருபோதும் தெரிந்திராது. அதையும் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். மகனோ மருமகளோ பக்கத்திலிருந்து பதில் எடுத்துக்கொடுக்க வேண்டாம். வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்துப் பொடி உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.