கால் நோவுக் குளிசையும் நமது உம்மாமாரும்



நான் டொக்டர் இல்லை, பாடசாலை ஆசிரியர். ஆனால் இந்த விடயத்தில் நானும் பிழை செய்தவன் என்பதால் எழுதுகிறேன்.

என் உம்மாவுக்கு முழங்கால் தேய்வு. பிரஷருக்கு கிளினிக் மருந்தும் எடுக்கிறார். ஒருநாள் பாமசிக்குப் போய், "கால் நோவுக்குக் குளிசை தாங்க" என்று கேட்டு வாங்கி வந்தது நான்தான். பெயர் எழுதாத சின்னக் கடதாசி உறையில் பத்துக் குளிசை. போட்ட அன்றே உம்மா நிமிர்ந்து நடந்தார். எனக்கும் சந்தோஷம். முடிய முடிய வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாம் மாதம் மலம் தார் போலக் கறுத்துப் போனது. வுழூ எடுக்கப் போனவர் தலைசுற்றி விழுந்தார். வார்டில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "நோவுக்கு என்ன குளிசை போட்டவங்க?" என்னிடம் பதில் இல்லை. குடற்புண்ணிலிருந்து இரத்தம் போயிருக்கிறது. இரத்தம் ஏற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ், இன்று நலமாக இருக்கிறார்.

இதற்காக, வட்ஸ்அப்பில் வருவது போல "நோக் குளிசை எல்லாம் நஞ்சு" என்று நான் சொல்ல மாட்டேன். டைக்ளோபெனாக், இபுபுரூபன், மெபனமிக் அசிட் போன்றவை நோவோடு வீக்கத்தையும் குறைப்பவை. காலையில் விரல் மடக்க முடியாத வாத நோயாளிக்கு அவை பெரிய உதவி. பனடோல் நோவைக் குறைக்கும், மூட்டு வீக்கத்தைக் குறைக்காது. வேறு வருத்தம் இல்லாத ஒருவர் டொக்டர் சொன்ன அளவில் சில நாள் எடுத்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது.

பிரச்சினை, குளிசை வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. நம் உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. நோவையும் வீக்கத்தையும் கூட்டுவது அதுதான். வயிற்றின் உட்சுவரைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு இரத்தம் ஒழுங்காகப் போக உதவுவதும் அதே பொருள்தான். இந்தக் குளிசைகள் அதன் சுரப்பைத் தடுக்கின்றன என்று 1971இல் கண்டுபிடித்த ஜோன் வேனுக்கு 1982இல் நோபல் பரிசு கிடைத்தது. குளிசைக்கு முழங்கால் எது, வயிறு எது என்று தெரியாது. எல்லா இடத்திலும் தடுக்கும். பிரஷரைக் கூட்டும், மாரடைப்பு அபாயத்தையும் கூட்டும். வயிற்றுக்குப் பாதுகாப்பானது என்று வந்த வயொக்ஸ் என்ற குளிசை, மாரடைப்பு காரணமாகவே 2004இல் உலகம் முழுக்க மீளப் பெறப்பட்டது.

"சாப்பிட்டுப் போட்டால் ஒன்றும் ஆகாது" என்பதும் சரியல்ல. இரத்தத்தில் கலந்த பிறகும் அது வயிற்றைத் தாக்கும். கூடவே போடும் ஒமெப்ரசோல் வயிற்றைக் காக்கும், சிறுநீரகத்தையோ இதயத்தையோ காக்காது. லொசார்டன், எனலப்ரில் போன்ற பிரஷர் குளிசையோடு சலம் போகும் குளிசையும் எடுப்பவர்களின் சிறுநீரகத்துக்கு இது இன்னும் ஆபத்து. நோன்பு காலத்தில் ஸஹருக்கு இதைப் போட்டு விட்டு நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருப்பதை நினைத்துப் பாருங்கள். டெங்கு சந்தேகமுள்ள காய்ச்சலுக்கு இவற்றைத் தொடவே கூடாது, இரத்தக் கசிவு வரலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். இதயத்துக்காக கிளினிக்கில் தந்த அஸ்பிரினை இதை வாசித்து விட்டு நிறுத்த வேண்டாம். டொக்டரிடம் கேளுங்கள்.

நம் ஊர் பாமசிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். குளிசை கொடுக்க முன்னர், "யாருக்கு? பிரஷர், சீனி, கிட்னி வருத்தம் இருக்கா?" என்று கேளுங்கள். உறையில் பெயரை எழுதிக் கொடுங்கள். நாமும் கிளினிக் கொப்பியைக் கொண்டு போவோம். முழங்காலுக்குப் பூசும் ஜெல் இருக்கிறது, அதில் இரத்தத்துக்குப் போகும் அளவு மிகக் குறைவு. தொடைத் தசைக்கான பயிற்சியும், எடையைக் குறைப்பதும் தேய்வு நோவைத் தணிக்கும்.

கடைசியாக ஒன்று. உம்மா அந்தக் குளிசையை விடாமல் போட்டதற்குக் காரணம், நிலத்தில் ஸுஜூது செய்ய வேண்டும் என்ற ஆசை. முடியாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் அனுமதித்திருக்கிறது. அதை உம்மாவுக்கு எடுத்துச் சொல்லாமல் குளிசை வாங்கிக் கொடுத்தேன். இப்போது கதிரையில் தொழுகிறார். உங்கள் வீட்டிலும் ஒரு கதிரை போட்டுக் கொடுங்கள். இன்றைக்கே பெரியவர்களின் குளிசை உறைகளை எடுத்துப் பாருங்கள்.

அல்லாஹ் நம் பெற்றோருக்கு ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.